செத்த வீட்டுக்கு வந்த கார்கள்

போன வருடம் ஜூன் மாதம், மெல்பேர்ன் குளிர் எலும்புவரை இறங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, என் அம்மாவின் இறுதிச் சடங்கு நடந்தது. நான் சொல்ல வந்தது அம்மா இறந்த கதை அல்ல. அன்றைக்கு எங்கள் வீதியில் நின்ற கார்களின் கதை. ஆனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நகரத்தின் மேற்குப் புறத்தில், புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் எங்கள் வீடு இருக்கிறது. வீதி ஒடுக்கமானது. ஒரு பக்கம் கார்கள் நின்றால் மறுபக்கத்தால் குப்பை வண்டி ஊர்ந்துதான் போகும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நான் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். மூன்று வயதுக்காரர்களுக்கு நடுவே நாள் முழுவதும் வழக்குத் தீர்ப்பதுதான் என் பிழைப்பு. அடித்தது ஒருவன், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு மற்றவனை மன்னிப்புக் கேட்கச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் இதைப் பிடிவாதம் என்பார். அப்படியே இருக்கட்டும்.

இங்கே பெரும்பாலும் மலர்ச்சாலை மண்டபத்திலேயே சடங்குகளை முடித்து, அப்படியே தகனத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. நடமாடித் திரிந்த காலத்திலேயே, "என்னை வீட்டிலயிருந்துதான் அனுப்பவேணும், வாடகை மண்டபத்திலயிருந்து வேண்டாம்" என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் சில மணி நேரத்துக்கு அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவர ஒழுங்கு செய்தோம்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பிக்கு அப்போதுதான் இருதய சத்திரசிகிச்சை நடந்திருந்தது. விமானத்தில் ஏற வைத்தியர் விடவில்லை. அவனுக்காகவும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் சொந்தக்காரருக்காகவும் எல்லாவற்றையும் நேரலையில் காட்ட ஒரு வீடியோக்காரரைப் பிடித்தோம். எங்கள் ஆட்களின் செத்த வீடுகளில் இப்போது ஐயர் எவ்வளவு அவசியமோ வீடியோக்காரரும் அவ்வளவு அவசியம். அம்மாவின் வாகனம் வருவதை எடுப்பதற்காக அவர் காலையிலேயே வீதியில் நின்றுகொண்டார்.

அந்த வாகனம் எங்கள் வீட்டு வாசலில் ஏறி நிற்கவேண்டும் என்பதால் எங்கள் காரை நானே வெளியே எடுத்து வீதியோரமாக விட்டேன். வந்தவர்களும் அப்படியே வரிசையாக விட்டார்கள். ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே எல்லோரும் போகிறோம். வயதானவர்கள் பழக்கமில்லாத நெடுஞ்சாலையில் வழி தேடித் திண்டாடக் கூடாது என்று ஒரு பேருந்து பிடித்திருந்தோம். பலர் தங்கள் கார்களை எங்கள் வீதியிலேயே விட்டுவிட்டு அதில் ஏறிக்கொண்டார்கள். நானும் கணவரும் அதில்தான் போனோம்.

திரும்பி வந்து கால் கழுவி, சாப்பிட்டு, ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். செத்த வீட்டில் போய்வருகிறேன் என்ற பொருளில் "போட்டு வாறன்" என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வரும்போது கையைப் பிடித்து அழுவார்கள். போகும்போது யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். நான் உள்ளே அம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்தேன். யார் எப்போது போனார்கள், போகும்போது அவர்கள் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்த பிறகு, ஒரு மாலை சிட்னியிலிருந்து அன்ரி ஒருவர் தொலைபேசியில் பேசினார். அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பென்டில் ஹில்லில் இருக்கிறார். அம்மாவைப் பார்ப்பதற்காக அவரும் அங்கிளும் ஒரு பகல் முழுவதும் மாறி மாறிக் கார் ஓடி வந்திருந்தார்கள். என்னைச் சிரிக்க வைக்க நினைத்தோ என்னவோ, அங்கிளைப் பற்றி ஒரு கதை சொன்னார்.

"இவர் இப்ப எங்க காரை விட்டாலும் இறங்கி நிண்டு தூண் தூணாப் போர்ட் பாக்கிறார் பிள்ளை. உங்கட வீதியில பைன் வாங்கின பிறகு பயம் பிடிச்சிட்டுது."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. உடனே இங்கே குளிர் எப்படி என்று கேட்டார்.

"என்ன பைன் அன்ரி?"

"ஒண்டுமில்லை பிள்ளை. விடு."

"சொல்லுங்கோ அன்ரி."

"அண்டைக்கு நாங்கள் சுடலைக்குப் போன நேரம் பாத்து, வீதியில நிண்ட காருகளுக்கெல்லாம் கவுன்சில்காரர் தண்டம் எழுதி வைச்சிட்டாங்கள். அங்கிள் அடுத்த நாளே காசைக் கட்டிப்போட்டார். செத்த வீட்டுக்குள்ள வந்து அதைச் சொல்லுறதோ?"

என் கணவர் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காருக்கும் எழுதினார்களா என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கலக்கிக்கொண்டே நின்றார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். பிறகு அறைக்குள் போய், தடித்த குளிர்ச்சட்டையின் உட்பையிலிருந்து அந்தச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு வந்த நினைவூட்டல் கடிதத்தையும் வைத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர் அவர். பல வருடங்கள் தற்காலிக விசாவில் இருந்தவர். இருக்கலாமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்ற பதில் அரசாங்க உறைக்குள்தான் வரும் என்று பயந்து பயந்து தபால் பெட்டியைத் திறந்தவர். இப்போது குடியுரிமை இருக்கிறது, தேர்தலில் வாக்குப் போடுகிறார். ஆனாலும் மூலையில் சின்னம் அச்சிட்ட உறையைக் கண்டால் முகம் மாறிவிடும். நூலகத்திலிருந்து வரும் கடிதத்தைக்கூட அவர் உட்கார்ந்துகொண்டுதான் பிரிப்பார்.

"இஞ்சரும், கட்டிப்போட்டு விடுவம். கவுன்சிலோட ஏன் கொளுவுவான்?" என்றார்.

"நான் கார் விட்ட இடத்தில நிப்பாட்டக் கூடாதெண்டு போர்ட் ஒண்டும் இருக்கேல்லை."

"அண்டைக்கு எங்களுக்கு என்ன தெரிஞ்சது? இருந்திருக்கும். பாக்காம விட்டிருப்பம்."

அவர் தன்னையும் சேர்த்து "எங்களுக்கு" என்று சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. என் கோபம் எனக்கு.

சீட்டில் இருந்த எண்ணைக் கவுன்சிலின் இணையத்தளத்தில் பதிந்தால் அவர்களுடைய அதிகாரி எடுத்த படங்களைப் பார்க்கலாம். பார்த்தேன். எங்கள் கார் நின்றது. அதன் பக்கத்தில், இரும்புக் காலில் ஒரு தற்காலிகப் பலகை. வீதி வேலை நடக்கப்போவதால் இங்கே வாகனம் நிறுத்தக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது.  அன்றைக்கு நான் எந்தச் சேலை கட்டியிருந்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. அவ்வளவு பெரிய பலகையைப் பார்க்காமலா விட்டேன் என்று என்னையே சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம்தான் தண்டத்தைவிடக் கேவலமாக இருந்தது.

அன்றைக்குக் கார் விட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். எல்லோரும் முதலில் மழுப்பினார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். பலகையை யாருமே பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் கட்டியிருந்தார்கள். ஒருவர் அம்மாவைக் கோயிலில் ஓரிரு தடவை மட்டுமே கண்டவர். வேலைக்கு லீவு போட்டு வந்து, அம்மாவுக்குக் கற்பூரம் காட்டி, தண்டமும் கட்டிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டு வாசலில் வைத்து என் விருந்தாளிகளின் சட்டைப் பையில் கை விட்டிருக்கிறார்கள், நான் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சீட்டின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் முழுவதும் படித்தேன். பணத்தைக் கட்டலாம், தவணை கேட்கலாம், கவுன்சிலிடமே மீள்பரிசீலனை கேட்கலாம், அல்லது நீதிமன்றத்துக்குப் போகலாம். மீள்பரிசீலனை ஒரே ஒரு தடவைதான். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அதோடு கதை முடிந்தது. ஆக, அந்த வீதியில் நின்ற கார்களில் இன்னும் ஒப்புக்கொள்ளாமல் மிஞ்சியிருந்தது எங்கள் கார் மட்டும்தான். அதுவும் என் கணவர் பயத்தில் அந்த இணையத்தளத்தைத் திறக்காமல் இருந்த புண்ணியத்தால்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் ஆளுக்கொரு ஆலோசனை. எல்லாம் ஒன்றையேதான் சொன்னன. மரணச் சான்றிதழை இணைத்து, நல்லாக அழுது எழுது, பாவம் பார்த்து விட்டுவிடுவார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஏறியது. பாவம் பார்ப்பதற்கு நான் என்ன பிழை செய்தேன்? அம்மாவின் மரணச் சான்றிதழ் என்ன, சலுகைச் சீட்டா? நான் எழுதியது சுருக்கமாகத்தான். நான் வாகனத்தை நிறுத்தியபோது பலகை இல்லை, அதற்குப் பிறகுதான் வைத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில் நாங்கள் ஓர் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தோம், அவ்வளவுதான்.

சில வாரங்களில் பதில் வந்தது. உங்கள் இழப்புக்கு அனுதாபங்கள் என்று தொடங்கியது. உங்கள் துயரமான சூழ்நிலையைக் கருத்தில் எடுத்துத் தண்டப்பணத்தை விலக்கிக்கொள்கிறோம், அதற்குப் பதிலாக உத்தியோகபூர்வ எச்சரிக்கை ஒன்றை வழங்குகிறோம், எதிர்காலத்தில் வீதிப் பலகைகளைக் கவனிக்கவும் என்று முடிந்தது.

என் கணவருக்கு உயிர் திரும்பி வந்தது. கடைக்குப் போய் மட்டன் றோல் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. பலகை இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. நான் கேட்டது ஒன்று, அவர்கள் தந்தது வேறொன்று. எதிர்காலத்தில் கவனிக்கட்டாம். அடுத்த முறை என் அம்மா சாகும்போது கவனமாக இருக்கவேண்டும் போல.

"அதுதான் விட்டிட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கணவர் கேட்டார்.

"என்னை மன்னிச்சிருக்கிறாங்கள். நான் மன்னிப்புக் கேக்கேல்லை."

"உமக்கு விசர்."

அடுத்த நாள் மதிய இடைவேளையில் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்களின் காத்திருப்புச் சங்கீதத்தை இப்போது நான் வாயாலேயே பாடுவேன். கடைசியில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். உங்களுக்குத்தான் தண்டமே இல்லையே, பிறகு எதை எதிர்த்து முறைப்பாடு செய்கிறீர்கள் என்று கேட்டார். மற்றவர்களுக்காக நான் பேச முடியாதாம். அவர்களும் கட்டிவிட்டார்களாம். பலகை இருந்ததற்கு எங்களிடம் படம் இருக்கிறது, இல்லாததற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. நான் தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் இருபது பிள்ளைகளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பேசும்போது இதைச் சொல்லித் திட்டித் தீர்த்தேன். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"போர்ட் இருக்கேல்லை அக்கா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வீடியோவில இல்லை. முதல் கார் சாம்பல் நிறம். அதுக்குப் பின்னால உங்கட கார். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி ஒண்டு சரிஞ்சு கிடக்குது. அதைத் தவிர அந்த ஓரத்தில ஒண்டுமில்லை. நான் அதை எத்தினை தரம் பாத்திருப்பன். எனக்கு அதுதானே செத்த வீடு."

நான் அந்த வீடியோவை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. அதன் இணைப்பு என் தொலைபேசியில் அன்றிலிருந்து கிடந்தது. விரல் அந்தப் பக்கம் போனாலே இழுத்துக்கொள்வேன். அவனோ அங்கே நெஞ்சில் தையலோடு தனியே இருந்து, எங்கள் வீதியை அங்குலம் அங்குலமாக மனப்பாடம் செய்திருக்கிறான்.

எந்த இடம் வரைக்கும் வெட்டி அனுப்பட்டும் என்று கேட்டான். அம்மாவின் வாகனம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடு என்றேன். அவன் மறுபேச்சில்லாமல் அப்படியே அனுப்பினான், நானும் அதைத் திறந்து பார்க்காமலே வைத்திருந்தேன்.

இதைக் கேட்டதும் என் கணவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "மாமின்ர செத்த வீட்டைக் கவுன்சில்காரருக்குப் படம் போட்டுக் காட்டப் போறீரோ? எங்கட பேரைக் குறிச்சு வைப்பாங்கள்."

"குறிக்கட்டும். சரியாக் குறிக்கட்டும்" என்றேன்.

கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதினேன். பதில் வராததால் மறுபடி எழுதினேன். அதற்கும் மேலே, மாநிலத்தில் முறைப்பாடுகளை விசாரிக்கும் இடத்துக்கு எழுதப்போகிறேன் என்று எழுதிய பிறகு, நேரில் வரச் சொன்னார்கள். கணவர் கார் ஓடினார், ஆனால் இறங்கவில்லை. இங்கே இரண்டு மணி நேரம்தான் நிறுத்தலாம், நான் காரோடேயே இருக்கிறேன் என்றார். கவுன்சில் வாசலில் வைத்தே இன்னொரு தண்டம் வாங்க அவர் தயாராக இல்லை.

உள்ளே என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி இருந்தார். தம்பி வெட்டி அனுப்பியதைத் தன் கணினித் திரையில் போட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். பலகை தெரியவில்லைதான், ஆனால் உங்கள் காரும் தெரியவில்லையே என்றார். அவர் சொன்னது சரி. அந்தத் துண்டில் கமரா வீதியின் மறுமுனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கார்கள் வரிசையாக நின்றதும், அவற்றின் பக்கத்தில் பலகை இல்லாததும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்றார். இதற்குப் பிறகு வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. அம்மாவின் வாகனம் வந்து நின்ற பிறகுதான் கமரா இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். நான் வெட்டச் சொன்ன இடத்துக்கு அந்தப் பக்கம்தான் என் சாட்சி இருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். முழு வீடியோவையும் நான் தனியே பார்க்கிறேன், நீங்கள் வேண்டுமானால் வெளியே இருங்கள் என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு கணம் எழும்பவும் பார்த்தேன். ஆனால் அம்மாவைப் பார்க்க வந்தவர்களைப் பற்றிய விசாரணை நடக்கும்போது அம்மாவின் மகள் வெளியே போய் இருப்பதா? என் தொலைபேசியில் கிடந்த இணைப்பைக் கொடுத்து, போடுங்கள், நானும் பார்க்கிறேன் என்றேன்.

வாகனம் மெதுவாக வந்தது. கதவைத் திறந்தார்கள். அம்மா இருந்த பெட்டியை இறக்கினார்கள். நான் கட்டியிருந்தது நீலச் சேலை. பென்டில் ஹில் அன்ரி என் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் அழும் சத்தம் அந்தச் சின்ன அறைக்குள் கேட்டது. அதிகாரி சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். கேட்கட்டும். என்ன நாளில் எழுதினார்கள் என்று கேட்கட்டும்.

பெட்டி உள்ளே போனதும் கமரா வீதிப் பக்கம் திரும்பியது. சாம்பல் நிறக் கார், எங்கள் கார், சரிந்து கிடந்த தொட்டி, தம்பி சொன்னபடியே எல்லாம் இருந்தன. பலகை இல்லை. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த வரிசைக்கு நடுவில் ஒருவர் வேட்டியோடு, அந்தக் குளிரில் வெறும் மேலோடு, தோளில் ஒரு துண்டு மட்டும் போட்டுக்கொண்டு நின்றார். மருமகனாகக் கிரியை செய்ய வேண்டியிருந்த என் கணவர். வந்த ஒவ்வொரு காரையும் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு காரைப் பக்கத்து வீட்டு வாசலை மறைக்காமல் பின்னால் எடுக்கச் சொன்னார். இன்னொருவரின் கார்ச் சில்லு புல்லில் ஏறியிருந்ததை இறக்கச் செய்தார். பிறகு வீதியோரத் தூணிடம் போய், அண்ணாந்து மேலே பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார். அடுத்த தூணுக்கும் போனார். தடைப் பலகை ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் அடுத்த காருக்குக் கை காட்டினார்.

எல்லோரையும் அங்கே நிறுத்தச் சொன்னவர் அவர்தான். அதனால்தான் சீட்டை ஒளித்து வைத்தார். அதனால்தான் "பாக்காம விட்டிருப்பம்" என்றார். இத்தனை மாதமும் அந்த மனிதர் தன் கண்ணையே நம்பாமல் இருந்திருக்கிறார், நான் அது அரசாங்கத்துக்குப் பயம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரியும் அவரைக் கவனித்திருந்தார். யார் இவர் என்று கேட்டார். என் கணவர், வெளியே உங்கள் தரிப்பிடத்தில் நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்றேன்.  பலகை வைத்த ஒப்பந்தக்காரரிடம் எப்போது வைத்தார்கள் என்று விசாரிப்பதாக அவர் சொன்னார். என் ஒருத்தியின் எச்சரிக்கையை மட்டும் ரத்துச் செய்தால் நான் மறுபடி வருவேன் என்று சொன்னேன். சிரிக்காமல், விளங்குகிறது என்றார்.

வெளியே வந்து காரில் ஏறினேன். கணவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி காரைக் கிளப்பத் திறப்பில் கை வைத்தார். பொறுங்கோ என்று சொல்லி, தொலைபேசியில் அந்த இடத்தை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். அவர் பார்த்தார். வேட்டியோடு அண்ணாந்து நிற்கும் தன்னைப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி ஒருக்கால் போடச் சொன்னார்.

"நான் பாத்தனான்" என்றார்.

"ஓம். நீங்கள் பாத்தனீங்கள்."

"ரெண்டு தூணும் பாத்தனான்."

அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அம்மாவின் செத்த வீட்டில்கூட அவர் அழவில்லை, கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் போல இழுத்தடித்துத்தான் கடிதம் வந்தது. பலகைகள் வாகனங்கள் நிறுத்தப்பட்ட பிறகே வைக்கப்பட்டன, முன்னறிவித்தலும் கொடுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்றைய தினம் அந்த வீதியில் எழுதிய எல்லாத் தண்டங்களும் ரத்து. கட்டியவர்களுக்குப் பணம் திரும்பும். என் எச்சரிக்கையும் ரத்து. வருந்துகிறோம் என்று ஒரு வரி இருந்தது. இந்த முறை அது என் இழப்புக்கு அல்ல, அவர்கள் செய்ததற்கு.

இதை ஒவ்வொருவருக்கும் அழைத்துச் சொல்வதும் ஒரு தனிப் போராட்டமாகத்தான் இருந்தது. பென்டில் ஹில் அன்ரி காசை வாங்கவே மாட்டேன் என்றார்.

"செத்த வீட்டுக்கு வந்த செலவைத் திருப்பி வாங்கிறதோ பிள்ளை? அது கூடாது."

"அது செலவில்லை அன்ரி, பறிச்சது. நீங்கள் வாங்காட்டி அவங்கள் செய்தது சரியெண்டு ஆகிடும்."

 அன்ரி பின்னால் திரும்பி, "இஞ்சருங்கோ, நீங்கள் பிழையாக் கார் விடேல்லையாம்" என்று அங்கிளுக்குச் சத்தமாகச் சொல்வது எனக்குக் கேட்டது.

அந்தக் கடிதம் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. மூலையில் சின்னம் அச்சிட்ட உறைகளை எல்லாம் ஒளித்து வைக்கும் என் கணவர்தான் அதைக் காந்தத்தால் ஒட்டினார். சாயம் போகத் தொடங்கிவிட்டது, எடுத்துவிடலாம் என்றால் விடமாட்டார். இப்போதும் யாராவது என்னிடம், விட்டுத்தான் விட்டார்களே, பிறகு ஏன் அவ்வளவு அலைந்தாய் என்று கேட்பதுண்டு. என் அம்மாவை வழியனுப்ப வந்தவர்கள் யாரிடமும் சொல்லாமல் போனார்கள், அது எங்கள் வழக்கம். ஆனால் குற்றவாளிகளாகப் போகவில்லை என்பதை யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது.